குழாயில் அலறிய கரிச்சான்

சத்தத்தால் தீராத சிக்கலே உலகத்தில் இல்லை என்பது மைக்செட்காரரின் கொள்கை. கல்யாண வீடோ சாவு வீடோ, ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, ஒருமுறை கனைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது என்பார். மீதிக் கால்வாசியில் வீட்டாரின் காது போய்விடும்.

அவர் தங்கச்சி சூரியகாந்தி போட்டிருந்தாள். இந்த விளைச்சலும் கைவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளியூர் போவதென்று அவள் புருஷன் முடிவு கட்டியிருந்தான். பூவில் மணி பிடிக்கும்போதே கிளிகள் வந்து இறங்கின.

"அண்ணே, ஏதாச்சும் பண்ணுங்களேன்."

வலை கட்டினார். மாட்டியது கிளி அல்ல, இரட்டைவால் கரிச்சான். அது அலறிய அலறலில் கிளிக்கூட்டம் கலைந்து ஓடியதைப் பார்த்தார். தொழில் புத்தி சும்மா இருக்குமா? அவிழ்த்துவிடும் முன் அலறலைப் போனில் பதிந்தார். பழக்கதோஷம், முடிவில் ஒரு கனைப்பு வேறு. பிறகு பறவையை வலையிலிருந்து கையில் எடுத்தபோது அதன் தலை தொங்கிவிட்டது.

மறுநாள் முதல் குழாயில் செத்த கரிச்சான் பொழுதுக்கும் அலறியது. கிளிகள் போயின. மைனாவும் மற்ற கரிச்சான்களும் போயின.

"காக்காகூட எட்டிப் பாக்கல மச்சான்! பெரிய ஆளுதான் நீங்க," என்றான் தங்கச்சி புருஷன்.

கொஞ்ச நாளில், அலறலுக்கும் அலறலுக்கும் இடையே வேறொரு சத்தம் கேட்டது. நறநறவென்று, மெதுவாக. இலையைத் திருப்பினால் புழு. அடுத்த இலையிலும் புழு. சில செடிகளில் இலையே இல்லை, நரம்புதான். மருந்தடித்தும் நறநற அடங்கவில்லை.

"கிளியத் தொரத்தச் சொன்னா காவக்காரனையும் சேத்துத் தொரத்திட்டீங்களேண்ணே. கரிச்சான்தானே புழுவப் பொறுக்கிட்டு இருந்துச்சு!"

அவர் குழாயை அவிழ்த்தார். பறவை வந்து உட்காரட்டும் என்று வயலெங்கும் குறுக்குக் கட்டை வைத்த கம்புகளை நட்டார். ஒன்றும் உட்காரவில்லை. கல்லறைச் சிலுவைகள் மாதிரி நின்றன. வீட்டில் கதவுக் கீல் கிரீச்சிட்டாலும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு காலை வரப்பில் மைனாக்கள் இறங்கின. ஒன்றின் அலகில் கொழுத்த புழு. தங்கச்சி மூச்சுவிடாமல் பார்த்தாள். அப்போது எழுந்தது அந்த அலறல்.

"அண்ணே! இன்னுமா ஓடுது?"

குழாய் அவர் காலடியில், ஒயர் கழற்றிய நிலையில் கிடந்தது.

கம்பின் மேல் ஒரு கரிச்சான். செத்ததன் குரலில் அட்சரம் பிசகாமல் அலறியது. மைனாக்கள் புழுவைப் போட்டுவிட்டு ஓடின. அது இறங்கிப் புழுவை விழுங்கிவிட்டு, மறுபடி கம்பேறி, அவரைப் பார்த்துக் கனைத்தது. அவரைப் போலவே.

"வாரிசு வந்தாச்சு மச்சான்!" என்று தங்கச்சி புருஷன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

மெல்ல மற்ற கரிச்சான்களும் புழுப் பொறுக்க வந்தன. வயலில் பாதி பிழைத்தது. வெளியூர்ப் பேச்சும் நின்றது.

மைக்செட்காரர் இப்போது கனைப்பதில்லை. வயல் பக்கம் அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொள்கிறார்.