மாடனின் வலக்கை

சீவலப்பேரி போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் குலசாமி சுடலைமாடன், கோயில் சுவரில் சித்திரமாக நிற்கிறார். ஓவியர் முந்தின நாள் அனுப்பியது. கண்கள் மட்டும் பாக்கி. அரிவாள் இடக்கையில் இருந்தது.

ஆற்று வெள்ளம் ஏறியதில் பழைய சித்திரம் காரையோடு உதிர்ந்துபோயிற்று. புதிதாக எழுத மாதிரி கொடுத்தவன் நான். ஒவ்வொரு கொடை விழாவுக்கும் நாள், கிழமை, மழை எல்லாம் குறித்து வைக்கிறவன் என்பதால் யாரும் சரிபார்க்கவில்லை. பழைய சித்திரத்தைப் படமெடுத்திருந்த பிலிமை ஸ்டூடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டேன். பின்னால் தேதியும் எழுதினேன். அவர்கள் பிலிமைத் திருப்பிப் போட்டதில் இடம் வலமாகியிருக்கிறது. கண் திறப்பைக் குறிக்க அன்று காலை நோட்டைப் புரட்டியபோதுதான் பழைய வரி கண்ணில் பட்டது: ‘வலக்கையில் அரிவாள்.’

கண் எழுதிவிட்டால் அடுத்த கொடைவரை உருவத்தின்மேல் தூரிகை படக்கூடாது. ஒன்பது மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். ஓவியர் போனை எடுக்கவில்லை. வைக்கோல் லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஓவியர் ஸ்டூலில் ஏறி, மெல்லிய தூரிகையை நனைத்துக்கொண்டிருந்தார். கோயிலைக் கவனிக்கும் என் சித்தப்பா மகன் தேங்காயோடு நின்றான்.

“நிறுத்துங்க. கை மாறியிருக்கு.”

“நீங்க குடுத்த படந்தான அண்ணாச்சி,” என்றார் ஓவியர். “எல்லா ஊருலயும் வலக்கைதான். தேதியெல்லாம் போட்டுக் குடுத்தீகளே, உங்க ஊரு வழக்கம் வேற போலன்னு நெனச்சேன்.”

“அண்ணன் தேதியப் பாத்திருக்காக, கையப் பாக்கல வே,” என்று தம்பி அவரிடம் சிரித்தான். பிறகு என்னிடம், “நேரம் தவறிரும். இருந்துட்டுப் போகுது. யாரு பாக்கப் போறா?”

“நான் பாப்பேன்.”

ஓவியர் இறங்கினார். “மத்தியானம் அம்பாசமுத்திரத்துல வேலை கெடக்கு,” என்று முனகிக்கொண்டே பின்னணிக்கான நீலப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். “கண்ணு தெறக்குற வரைக்கும் இது சுவருதான்.”

“அப்பம் உச்சிப் பொழுதுல வச்சுக்கிடுவோம்,” என்றான் தம்பி. “மாடனுக்கு அதுவும் நேரந்தான்.”

இரண்டு கைகளையும் நீலத்தால் மூடி, புதிதாக எழுதினார். பன்னிரண்டேகாலுக்குக் கண் திறந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். என் பார்வை மாடனின் இடது தோளுக்கே போயிற்று. நீலத்துக்கு அடியில் பழைய அரிவாள் மங்கலாகத் தெரிந்தது.

தாமதத்துக்குக் காரணம் என்று நோட்டில் என் பெயரை எழுதினேன். அதே ஸ்டூடியோவில் பழைய பிலிம்களிலிருந்து போட்ட குடும்பப் படங்களும் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி சரியாக இருக்கிறது. முந்தானை எந்தத் தோளில், சட்டைப் பை எந்தப் பக்கம், வாட்ச் எந்தக் கையில் என்று பார்த்துப் பார்த்து, இடம் வலமாகிப்போனவற்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். சட்டையில்லாமல், வாட்ச் இல்லாமல், நேராக நிற்கிறவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை.