ஊசி அக்காவின் ஒன்பதாம் நிலை

என் அக்காவுக்கு ஊசி அக்கா என்று பெயர் வைத்தது நானில்லை. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்கள். பத்தொன்பது வருடமாக ரத்தம் எடுக்கிறாள். ஊசி வலிக்காது. அவள் வாய்ப்பேச்சுதான் வலிக்கும்.

அவளுக்கு ஒரே ஆசை. முன்னறையை விட்டு, இயந்திரங்கள் இருக்கும் உள்ளறைக்குப் போக வேண்டும். அங்கே ஓர் இடம் காலியாகப் போகிறது.

"கலவை விகிதம் போடத் தெரியணும். மூணு மாசத்துல ஆன்லைன் கணக்குப் படிப்பைப் பத்தாம் நிலை வரைக்கும் முடிச்சு சான்றிதழ் கொண்டு வாங்க. இடம் உங்களுக்குத்தான்" என்றார் மேலாளர்.

அவரவர் வேகத்தில் படிக்கும் படிப்பு அது. எந்த நிலையில் தொடங்குவது என்பதை ஒரு பிளேஸ்மென்ட் டெஸ்ட் சொல்லும்; அதற்குக் கீழே உள்ள பாடங்கள் திறக்காது. அக்கா எழுதினாள். ஐந்தாம் நிலை, பின்னத்திலிருந்து தொடங்கு என்றது.

"என்னைப் போய் சின்னப் பசங்களோட உட்கார வெச்சுட்டானே!"

மூன்று நாளுக்கு ஒரு முறை திரும்ப எழுதலாம் என்று ஒரு வசதி இருந்தது. அந்த வசதிதான் வினையாகப் போனது. தப்பாய்ப் போன கேள்விகளை நோட்டில் குறித்து, கல்லூரியில் படிக்கும் மகளிடம் விடை கேட்டு, நெட்டுருப் போட்டாள். அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வந்தன. ஏழாவது தடவை ஒன்பதாம் நிலை! அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள். குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூட அதைப் படித்துவிட்டுத்தான் போக முடிந்தது.

மறுநாள் பாடத்தைத் திறந்தாள். ஒரு வரிகூடப் புரியவில்லை. பத்து நாள் முழி பிதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"திரும்ப எழுதி, வேணும்னே தப்பா போட்டுக் கீழ இறங்கிடேன்" என்றார் மாமா, அக்காவின் கணவர்.

அதையும் செய்து பார்த்தாள். மறுபடி ஒன்பது.

"விடை கண்ணுக்கு முன்னாடி நிக்குதுங்க. தப்பா போடக் கை வரமாட்டேங்குது."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா முறைத்த முறைப்பில் பாதியில் நிறுத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, துவைக்கும் இயந்திரத்தின் மேல் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். "ஏழு வாரம்தான்டா இருக்கு. அந்த இடம் போயிடும்." சிரித்ததற்காக வெட்கப்பட்டேன்.

மாமா ஈரத்துணியை எடுத்து உதறிக்கொண்டே கேட்டார்: "ரெண்டு தடவை குத்தியும் நரம்பு சிக்கலேன்னா என்ன பண்ணுவே?"

"பக்கத்துல இருக்கிறவளைக் கூப்பிடுவேன். எங்க சட்டமே அதுதான். மூணாவது தடவை குத்தக் கூடாது."

"கூப்பிட வெக்கமா இருக்காதா?"

"கிடைக்கலன்னு சொல்றதுல என்னங்க வெக்கம்? குத்து வாங்குற கை வந்தவங்களோடதாச்சே."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போய்க் கணினி முன் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே சின்னதாக ஒரு பொத்தான் இருந்தது: 'எனக்குத் தெரியாது'. இத்தனை நாளில் அவள் ஒரு முறைகூட அதைத் தொட்டதில்லை. ஒரு கேள்வியை வாசிப்பாள், விடை ஞாபகம் வரும், "ஏன்னு தெரியுமா?" என்று தன்னையே கேட்பாள், அந்தப் பொத்தானை அழுத்துவாள். பதினாறு முறை அழுத்தினாள். மாமா எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நிலை. முதல் நாள் சொன்ன அதே ஐந்து.

ஏழு வாரத்தில் ஆறு நிலை. கொதிக்கும் பாத்திரத்தை மறந்தாள், என் பிறந்தநாளை மறந்தாள், சான்றிதழை மட்டும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கொண்டுபோய்க் கொடுத்தாள். இப்போது உள்ளறையில்தான் வேலை. ஃபிரிட்ஜில் ஒன்பது இருந்த இடத்தில் ஐந்து இருக்கிறது.

போன வாரம் கணினி முன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அன்னிக்கு அப்படிச் சிரிச்சியே, வா. எழுது."

ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுகிறவன் நான். நாள் முழுக்க அளவுதான் என் பிழைப்பு. தைரியமாக உட்கார்ந்தேன். மூன்றாம் நிலை என்றது.

அந்த டெஸ்டில் ஏதோ கோளாறு. மூன்று நாள் கழித்துத் திரும்ப எழுதப் போகிறேன்.