ஜே பட்டனுக்கு வைத்த குங்குமம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் மெஷினால் வரும் கோபம் கால்வாசி, மனிதர்களால் வரும் கோபம் முக்கால்வாசி. இரண்டையும் முழுங்கிவிட்டு "சொல்லுங்க சார்" என்று சிரிப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். நீங்களும் ஏதாவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவர் என்றால் நான் சொல்வது புரியும். புரியாவிட்டால் நீங்கள் கவுன்ட்டருக்கு முன்னால் நின்று கத்துகிறவர். உங்களையும் எனக்குத் தெரியும்.

நான் நகரிப் பக்கத்துக்காரன். முதலில் சித்தூரில் இருந்தேன், இப்போது திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில். பதினேழு வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பிள்ளைகள் படித்து அமெரிக்கா போய்விட்டார்கள். இப்போது பிள்ளைகள் வருவதில்லை, அவர்களுடைய பழைய லேப்டாப்கள் வருகின்றன.

கட்டைப் பையில் மேக்

கொரோனா ஓய்ந்த மறு வருடம், புரட்டாசி மாதம். வரதய்யபாளையத்திலிருந்து பரிமளா என்று ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊர்ப்பக்கம் வந்த தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்து, அந்தப் பணத்தில் ஒரே மகனை இன்ஜினியரிங் படிக்கவைத்து, அதே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர். மகன் டல்லாஸில். கட்டைப் பைக்குள் கையை விட்டு, டர்க்கி டவல் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். மகன் யார் மூலமாகவோ கொடுத்தனுப்பிய பழைய மேக் லேப்டாப். கூடவே போனில் ஒரு படத்தைக் காட்டினார். மகன் ஸ்டேட்டஸில் போட்டிருந்த ஒரு கேமின் ஸ்கோர். "இந்த கேமு இதுல ஓடணும்" என்றார்.

அது பாட்டு கேம். பாட்டு ஓடும்போது மேலேயிருந்து நாலு வரிசையில் உருண்டைகள் இறங்கும். அடியில் இருக்கிற கோட்டை அவை தொடும் நொடியில் டி, எஃப், ஜே, கே என்ற நாலு பட்டன்களில் அதற்குரியதைத் தட்ட வேண்டும். விண்டோஸில் மட்டும்தான் ஓடும். மேக்கில் வராது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எங்கள் ஓனர் பிரசாத் எழுந்து வந்துவிட்டார். வந்த வேலையைத் திருப்பி அனுப்பினால் லட்சுமி போய்விடுவாள் என்பது அவர் கொள்கை. செய்யப்போவது நான் என்பதால் அவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. சனிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொல்லி, பெருமையாகத் தெலுங்கில் அறிவித்தார்: "மன தக்கர லேது அனே மாட்டே லேதம்மா!"

நம்மிடம் இல்லை என்ற பேச்சே இல்லையாம்.

பாஸ்வேர்டு

மேக்கில் எதை ஏற்றவும் பாஸ்வேர்டு வேண்டும். அந்த அம்மாவுக்குத் தெரியாது. கடையிலிருந்தே மகனுக்கு போன் போட்டார், ஸ்பீக்கரில். இங்கே காலை பதினொன்று, அவனுக்கு நடு இரவு தாண்டியிருந்தது. தூங்கவில்லை. பின்னால் டக் டக் என்று பட்டன் சத்தம் கேட்டது.

"சொல்லும்மா, ஏதாவது அவசரமா?"

"இல்ல நைனா. துன்னியா?"

"சாப்ட்டேன். சொல்லு."

பாஸ்வேர்டு கேட்டார். எதற்கென்று அவன் கேட்டதற்கு, படம் பார்க்க என்று பொய் சொன்னார். அவன் சொன்னதை நான் எழுதிக்கொண்டேன். "சரி, வச்சிடட்டா?" என்றான். அவர் பதில் சொல்லும் முன்பே வைத்துவிட்டான். போனைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. யார் பெற்ற பிள்ளையோ, எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த அம்மாவுக்கு வரவில்லை.

கேம் யாருக்கு, பேரப்பிள்ளைக்கா என்று கேட்டேன். சிரித்தார். "எனுக்குத்தான். எப்பவுமே ரெண்டு நிமிஷம் தாண்டாது நைனா. ஆனா இந்த கேமுல முன்னபின்ன தெரியாதவங்களோட மணிக்கணக்கா ஆடிக்கினு கீறானாம். கத்துக்கினு நானும் அங்க போய் நின்னா?"

இடம் இல்லை

மேக்கின் வயிற்றில் பாதியைப் பிரித்து விண்டோஸை ஏற்றுவது நல்ல வழி. பார்த்தால் இடம் இல்லை. முழுக்க மகனின் பழைய போட்டோக்கள். அவன் வேறு எங்கோ நகல் வைத்திருப்பான், அழித்துவிடலாம் என்றேன். "பாத்துட்டுத் தரேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காலையில் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை எழவில்லை. நான்காயிரத்துச் சொச்சம் போட்டோ. பனியில் நிற்பது, பர்கர், கார், மறுபடியும் பர்கர். கவுன்ட்டரில் பாதியை அவர் அடைத்துக்கொண்டார். பிரின்டர் கொண்டுவந்தவர்கள் என்னைத் திட்டினார்கள். நான் உள்ளுக்குள் அவரைத் திட்டினேன். கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி, எத்தனை அழித்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. ஒரு போட்டோவைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "இந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது. கழுத்துப் பட்டன் இல்லாமயே போட்டுக்கினு கீறான் பாரு."

பாட்டு பின்னால் வருகிறது

போட்டோவை அழிக்க முடியாததால் இரண்டாவது வழிக்குப் போனேன். விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் கேமை மேக்கில் ஓட்டிவைக்கிற ஒரு மென்பொருள் உண்டு. நடுவில் உட்கார்ந்து, கேம் சொல்வதை மேக்குக்கும் மேக் சொல்வதை கேமுக்கும் எடுத்துச் சொல்லும். அதை ஏற்றப் போனால், இதைச் செய்தவர் யாரென்று தெரியாது, திறக்க மாட்டேன் என்று மேக் அடம் பிடித்தது. செட்டிங்கில் போய் அனுமதி கொடுத்தால் ஏறியது. ஆனால் எழுத்து வரவேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. அதற்கு எழுத்துரு ஏற்றினால் கேம் பாதியில் செத்தது. மூன்று நாள். மூன்று நாளும் பிரசாத் காரு (தெலுங்கில் ஓனருக்குக் கொடுக்கிற மரியாதை 'காரு') மணிக்கொரு தரம் "அயிந்தா?" என்று கேட்டார். ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டால் ஆகிவிடும் என்று அவருக்கு நினைப்பு.

நாலாவது நாள் ஓடியது. அந்த அம்மாவை வரச்சொல்லி உட்காரவைத்தேன். எதைத் தட்டினாலும் தப்பு. உருண்டை முன்னால் போகிறது, பாட்டு பின்னால் வருகிறது. தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கண்டுபிடித்தேன்: மேக் தானாகவே கடையின் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. வயர் இல்லாமல் போகிற சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் சேரும். மற்றதற்குப் பரவாயில்லை, இந்த கேமுக்கு அந்தக் கொஞ்சம்தான் எல்லாமே. வயர் வைத்த இயர்போனைக் குத்தினேன், சரியானது. ஸ்பீக்கரை இனிமேல் அணைத்து வைக்கச் சொன்னேன். பிரசாத் காருவுக்கு வந்ததே கோபம்: "ஆறு மாசமா சுப்ரபாதம் போடறேன், லேட்டா வருதுன்னு சாமியே கம்ப்ளெயின்ட் பண்ணல, உனக்கென்ன?"

விரல்

மறுநாள் ஆயுத பூஜை. மெஷின் ரெண்டு நாள் கடையிலேயே இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் சோதிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். எங்கள் கடை வழக்கப்படி ஸ்க்ரூடிரைவர் முதல் சர்வீஸுக்கு வந்த மெஷின் வரை எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தோம். பூஜை முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தவன் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா வந்து ஆடினார். முதல் பாட்டு பாதியில் நின்றது. நாலு தட்டுக்கு ஒன்று விட்டுப்போனது. மறுபடி ஆடினார். மறுபடியும் அதேதான். நான் மென்பொருளைக் கழற்றி மாட்டினேன், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பாட்டு வருகிற நேரத்தை முன்னே தள்ளினேன், பின்னே தள்ளினேன். அன்றைக்குக் கடையில் கூட்டம் வேறு. எனக்குப் பொறுமை போய்விட்டது. கவுன்ட்டரில் நாலு பேர் நிற்கும்போது கத்தினேன். "மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. உங்க விரல்தான் லேட். இந்த வயசுல இதெல்லாம் வராது, வீட்டுக்குப் போங்க!"

அந்த அம்மா டவலைச் சுற்றி, மேக்கைக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு தொல்லை ஒழிந்தது என்று டீ குடித்தேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். வலது ஆள்காட்டி விரல் நுனி வீங்கியிருந்தது. கேன்டீன் தட்டில் சாக்பீஸால் நாலு கட்டம் போட்டு, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் உட்கார்ந்து தட்டிப் பழகினாராம். ராத்திரி வீட்டில் மேக்கில் ஆடிப் பார்த்தால் மற்ற மூன்று விரல்களும் சரியாகிவிட்டன, இது ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அந்த விரலை என்னிடம் நீட்டினார். கம்ப்ளெயின்ட் சொல்ல வரவில்லை. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். "நீ சொன்னது சரிதான் நைனா. வெரலு மேலதான் தப்பு. கொஞ்சம் மெதுவா ஓடற மாதிரி எதுனா பண்ணித் தர முடியுமா?"

ஜே

மெதுவாக்கும் செட்டிங்கைத் தேட, உள்ளே ஒரு வார்த்தை தட்டினேன். அதில் ஜே வரவேண்டும். வரவில்லை. மறுபடி அழுத்தினேன், வந்தது. மறுபடி அழுத்தினேன், வரவில்லை. அந்த அம்மாவின் வீங்கிய விரலைப் பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரல் உட்காருகிற பட்டன் ஜே.

மெல்லிய பிளேடால் அந்தப் பட்டனைக் கழற்றினேன். அடியில் சிவப்பாக, ஈரம் காய்ந்து இறுகிய குங்குமம். பிரசாத் காரு கீபோர்டின் நடுவில் வைத்த பொட்டு. மேலே இருந்ததைத் துணியால் அழுத்தித் துடைத்து உள்ளே தள்ளியவன் நான். யாரைத் திட்டுவது? முதலில் அவரைத் திட்டினேன், அதுதான் பழக்கம். அவர் "குங்குமம்தானே, நல்லதுதான்" என்றார். அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதைவிட மோசமான ஒன்றை எனக்கே சொல்லிக்கொண்டேன். பத்து நாள் ஒரு மனுஷி எச்சில் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, இல்லாத குற்றத்துக்குத் தன் விரலைத் தண்டித்திருக்கிறாள். நாலு பேர் முன்னால் தீர்ப்பு சொன்னவன் நான்.

சுத்தம் செய்து மாட்டினேன். ஒரு பாட்டு ஆடச் சொன்னேன். ஒரு தட்டுகூட விட்டுப்போகவில்லை. தப்பு என்னுடையது, அம்மா, மன்னித்துவிடுங்கள் என்று அதே கவுன்ட்டரில், அப்போது நின்றிருந்த கூட்டத்தின் முன்னால் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா தெரியாது. வீங்கிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் வெரலு நல்லாத்தான் கீதா?"

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி

அவர் ஊரில் நெட் சரியாக வராது. ஞாயிறு கடை லீவு. சாவி என்னிடம்தான் இருக்கும். காலை பத்து மணிக்கு அவருக்காகத் திறந்தேன். அமெரிக்காவில் சனி இரவு. மகன் வழக்கமாக யார் வேண்டுமானாலும் வந்து ஆடும்படி கேமுக்குள் ஒரு அறையைத் திறந்து வைப்பான்; ஸ்டேட்டஸ் படத்தில் இருந்த அவன் பெயரை வைத்து அதைக் கண்டுபிடித்தேன். உள்ளே போக ஒரு பெயர் வேண்டும். என்ன போடட்டும் என்றேன். ஜெயித்துக் காட்டிவிட்டுச் சொல்லலாம், இப்போது தன் பெயரும் வேண்டாம், ஊர்ப் பெயரும் வேண்டாம் என்றார். வெறும் ஜே என்று போட்டேன்.

ஐந்து பேர் ஆடினார்கள். அந்த அம்மா ஒவ்வொரு பாட்டிலும் கடைசி. ஆனால் பாட்டை முடிக்காமல் ஒரு தடவையும் விடவில்லை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் திரையில் மகன் ஆங்கிலத்தில் எழுதினான்: ஜே, புதுசா? கவலைப்படாதே, உனக்காக ஈஸியான பாட்டு போடுகிறேன். போட்டான். நன்றாக வருகிறது என்று எழுதினான். இன்னொன்று ஆடலாமா என்று எழுதினான். மற்ற நாலு பேரும் போன பிறகும் இருந்தான். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துச் சொன்னேன். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளுக்கு ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. யாரென்றே தெரியாத ஜேவுக்கு ஒரு மணி இருபது நிமிடம், அதுவும் எவ்வளவு பொறுமையாக!

கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். யாருடன் ஆடுகிறாய் தெரியுமாடா என்று நாலு வார்த்தை நறுக்கென்று எழுதப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் திரையிலேயே இருந்தது. "வேணாம் நைனா. நான்னு தெரிஞ்சா ரெண்டு நிமிஷத்துல வச்சிடுவான்."

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்குக் கடையைத் திறக்கிறேன், லீவு நாளில் கரண்டு செலவு என்று பிரசாத் காரு கத்துகிறார், நானும் பதிலுக்குக் கத்துகிறேன். கத்த வேண்டியவனிடம் கத்த முடியாதபோது, கையருகே ஒரு ஓனர் இருப்பது எவ்வளவு வசதி!