ஐந்தாவது இருக்கையின் நேரம்

மாக் மண்டின் தொழிற்பேட்டையிலிருந்து ஃபெரி துறை வரை நடந்தே போனேன். மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் இருந்தது. ஆனால் அதில் பேக்கிங் லைன் பெண்கள் ஏழு பேரும் இருப்பார்கள். எட்டாவது ஆள் இல்லாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. வேலையை விடும் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கழுத்திலிருந்த கம்பெனி பாஸைக் கழற்றி ஆபீஸ் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். முன்பு வேலை பார்த்த இடங்களிலும் அப்படித்தான்.

புதிதாகத் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'டிரான்ஸ்பர்மேஷன்' என்று பேனர் கட்டி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்து உங்களை உட்கார வைக்கும் நாள் வரும்.

நான் பதினாலு வயதில், படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன். காய்கறி லாரி, சிங்கப்பூரில் பெயிண்ட் வேலை, புக்கிட் தெங்காவில் மேசை நாற்காலி கம்பெனி என்று சுற்றி, கடைசியாக இங்கே ஸ்டோரில் சேர்ந்தேன். சாப்பாட்டு டப்பாக்களுக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் இடம். மெஷினிலிருந்து வரும் மூடிகளை எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்து, அடுக்கி, பெட்டியில் போடுவார்கள்.

ஐந்தாவது இருக்கை புஷ்பம் அக்காவுடையது. சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து வருவார். வயது ஐம்பத்தாறு. கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அக்காவின் சம்பளம் ஒன்றுதான் வீட்டுக்கு. விரல் மூட்டுகள் வீங்கி, இரண்டு வருஷமாகவே அவருக்குக் கை சரியாக மடங்காது. நாலாவது இருக்கை மல்லிகா அக்கா தன் வேலையோடு புஷ்பம் அக்காவின் மூடிகளிலும் பாதியை அடுக்கித் தள்ளிவிடுவார். ஆறாவது இருக்கைப் பெண்ணும் அப்படியே. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. லைன் கணக்கு சரியாக வந்ததால் சூப்பர்வைசரும் கண்டுகொள்ளவில்லை.

அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து கன்சல்டன்ட் தினேஷ் வந்தார். முப்பது வயதிருக்கும். மரியாதையான ஆள். எனக்குத் தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றும் வரும் என்பதால் மாற்றங்களை ஆட்களிடம் எடுத்துச் சொல்ல என்னை 'சேஞ்ச் ஏஜென்ட்' ஆக்கினார். ஒரு டீ-ஷர்ட், ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு ஃபாரம்.

"அண்ணே, இது ஆள் குறைக்கிறதுக்கு இல்ல. யாரு எதுல கெட்டின்னு பாத்து அந்த எடத்துல வைக்கத்தான்" என்றார். நான் நம்பினேன். மூன்று மொழியிலும் எல்லாருக்கும் சொன்னேன்.

மூன்று நாள் டைம் ஸ்டடி. ஒரு கட்டு மூடியை முடிக்க ஒவ்வொருவருக்கும் எத்தனை நொடி என்று நான் வாட்ச்சில் எடுத்து எழுத வேண்டும். ஃபாரத்தில் இருக்கைக்கு ஒரு கட்டம். முதல் நாள் மல்லிகா அக்கா கேட்டார்: "தம்பி, ஒன் வாட்ச்சு ஆளப் பாக்குதா, மூடியப் பாக்குதா?"

"மூடியத்தான்க்கா."

"அப்ப சரிலா. நீயும் மூடியவே பாரு."

அந்த மூன்று நாளும் அவர்கள் வழக்கத்தைவிட அதிகமாகத் தள்ளினார்கள். முழுதாக அடுக்கிய கட்டுகளையே ஐந்தாவது இருக்கைக்கு நகர்த்தினார்கள். புஷ்பம் அக்கா பெட்டியில் போட்டால் போதும். லைனிலேயே வேகமான நேரம் அவருடையதாக வந்தது. தினேஷை நம்பினாலும், கை மடங்காதவருக்கு எந்த இடமும் கிடைக்காது; பார்த்ததை எழுதினால் முதலில் போவது அவர்தான். அதனால் வாட்ச் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரத்தில் லைனைப் பிரித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரு ஸ்கிரீன். புது ஹைஸ்பீடு மெஷினைத் தனியாகப் பார்க்க ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தினேஷ் மைக்கில் புஷ்பம் அக்காவின் பெயரைப் படித்தார். ஆபீஸ்காரர்கள் கை தட்டினார்கள்.

முதல் நாளே ஸ்கிரீனில் அக்காவின் எண் இலக்குக்குக் கீழே போய்ச் சிவப்பானது. மல்லிகா அக்காவின் மேசை பன்னிரண்டு அடி தள்ளி. உதவ எழுந்து போனால் அவருடைய எண்ணும் சிவப்பாகும். புஷ்பம் அக்காவுக்கு இரண்டு வார்னிங் லெட்டர் வந்தபிறகு நான் தினேஷிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

அவர் டேப்லெட்டில் என் ஃபாரத்தைத் திறந்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொல்லியிருந்தா அப்பவே அனுப்பியிருப்பீங்க."

அவர் டேப்லெட்டை மூடி வைத்தார். "இப்ப சொன்னா டேட்டா பொய்னு ஆயிரும். எட்டுப் பேரையும் விசாரிப்பாங்க, ஒங்களையும்தான்."

"பழைய லைன்லயே ஒக்கார வைங்க."

"பழைய லைனே இல்லையேண்ணே."

மூன்றாவது லெட்டர் வேலையை விட்டு நிறுத்தும் லெட்டர். அது ஆங்கிலத்தில் இருந்ததால், அதைத் தமிழில் படித்துச் சொல்ல என்னையே கூப்பிட்டார்கள். படித்தேன். முடிந்ததும் அக்கா, "தம்பி, இன்னிக்கு பஸ்சுல ஏத்துவாங்களா, இல்ல இப்பவே போயிரணுமான்னு கேட்டுச் சொல்லு" என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஹெச்.ஆர். பெண்ணிடம் கேட்டேன். பாஸை இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்றாள். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

அன்று மூன்று மணிக்குத்தான் நான் நடந்தது.

நான் கற்றது இவ்வளவுதான். ஒருவரை மறைத்துக் காப்பாற்றுவதெல்லாம் பழைய லைன் இருக்கும்வரைதான். அளக்க ஆள் வந்தால், வாட்ச்சை அழுத்துவதற்கு முன்பே எல்லாரும் சேர்ந்து நின்று, 'நாங்க எட்டுப் பேரும் சேந்துதான் ஒரு வேல, ஒண்ணாவே அளங்க' என்று சொல்லுங்கள். கேட்பார்களா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் சொல்லிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை கடல் தாண்டி, ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் வேலை கேட்டு நின்றேன்.

"முன்ன எங்க வேல?" என்றார் முதலாளி.

"மாக் மண்டின்ல. ஆளுங்க வேலைய டைம் எடுத்து எழுதுறது."

"நல்லதாப் போச்சு. இங்க ரெண்டு பேரு தட்டு கழுவுறானுங்க. எவன் மெதுன்னு ஒரு வாரம் பாத்துச் சொல்லு."

"நான் தட்டே கழுவுறேண்ணே."

"அப்ப மூணு பேரு ஆயிருவீங்களே தம்பி. ரெண்டு பேருக்குத்தான் இங்க வேல இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "சரி, கழுவு. வார கடைசில எவன் போறதுன்னு நானே பாத்துக்கிறேன்."

எனக்கு வேலை வேண்டியிருந்தது. தண்ணீர் படாமலிருக்க பிளாஸ்டிக் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தொட்டியின் முன் உட்கார்ந்தேன். அங்கிருந்த இருவரில் வயதானவர் தன் ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.