மருந்துக்கு நடந்த வழி

வடக்கே யாத்திரை கூட்டிப்போகும் எங்கள் பக்கத்து டூர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சமையல் வண்டி விடிவதற்குள் கிளம்பி முன்னால் போய்விடும். பின்னால் பஸ் போய்ச் சேரும்போது சாம்பார் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். திருச்செங்கோட்டில் ஏறிய சனங்கள் இமயமலையில் இறங்கினாலும் இட்லி தின்றாக வேண்டுமே! அந்த வண்டியில்தான் என் வீட்டுக்காரரின் இன்சுலினும் போனது.

ஏற்றிவிட்டது அவரேதான். கணையம் கெட்டுப்போனதிலிருந்து அவருக்கு ஊசிதான் உயிர். எங்கள் ஊர் வெயிலில் மருந்து வீணாகிவிடும் என்ற பயம் அவருக்குள் ஊறிப்போயிருந்தது. கரண்ட் போனால் விளக்கைத் தேட மாட்டார், ஃப்ரிட்ஜைத் திறக்காதே என்றுதான் கத்துவார். "குளிர்ல பல்லு தந்தியடிக்குதுங்க, இங்க எதுக்கு ஐஸு? என் பையிலயே கெடக்கட்டும்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். "உனக்கொண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, தயிரும் பாலும் வைக்கிற ஐஸ் பெட்டியில் இரண்டு பாட்டில்களையும் வைத்துச் சமையல்காரரிடம் ஒப்படைத்தார். சிரிஞ்சுகள் மட்டும் என் கைப்பையில் இருந்தன.

வண்டி போன சற்று நேரத்தில் மலை சரிந்து சாலையை மூடியது. வண்டி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். ஆற்றோரம் நாலைந்து வீடும் ஒரு டீக்கடையும் இருந்த இடத்தில் பஸ் நின்றுவிட்டது. ஃபோனில் சிக்னல் இல்லை. பஸ்ஸில் பாதிப் பேருக்குச் சர்க்கரைதான், ஆனால் எல்லோரும் மாத்திரைக்காரர்கள். அவருக்கு மாத்திரை கேட்காது.

மறுநாள் காலையில் வாந்தி ஆரம்பித்தது. டீக்கடைக்குப் பின்னாலிருந்த அறையில் கம்பளியைப் போர்த்திப் படுக்கவைத்தோம். மூச்சு இரைத்தது. வாயில் அழுகிய பழத்தின் வாசம் வந்தது. முன்பு ஒருமுறை இதே வாசத்தோடுதான் அவரைச் சேலத்துக்குத் தூக்கிப்போனோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கை மீறிப் போயிருக்கும் என்று டாக்டர் அப்போது சொன்னார். சாலையைச் சரிசெய்ய வந்தவர்களோ, இன்றைக்கு முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த இந்தி நாலே வார்த்தை. "தவா, தவா", மருந்து மருந்து என்று டீக்கடைக்காரப் பெண்ணிடம் அழுதேன். மருந்து சமையல் வண்டியில் இருப்பதை, ஊசி குத்துவதுபோல் காட்டியும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டியும் புரியவைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, சாலைக்கு மேலே கைகாட்டினாள். சாலை வருவதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கின் கிராமத்துக்காரர்கள் நடந்த பழைய வழி ஒன்று அங்கே போனது. சரிவின் உச்சியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்குமாம். அவருக்குத் துணையாகப் பக்கத்து சீட்டு அம்மாவை உட்காரவைத்துவிட்டு அவள் பின்னால் கிளம்பினேன்.

வழி என்றால் ஒரு ஆள் நிற்கும் அகலம். வலது பக்கம் மலை, இடது பக்கம் ஒன்றுமே இல்லை. எங்கோ கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது. பதித்திருந்த கற்கள் கோவேறு கழுதைகள் நடந்து நடந்து வழவழத்துக் கிடந்தன. சமதளத்தில் வரப்பு நடந்த கால்கள் என்னுடையவை. மேட்டில் கையை ஊன்றி ஏறினேன், இறக்கத்தில் பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஓர் இடத்தில் வழியே உதிர்ந்துபோய் மண் மட்டும் சரிந்து கிடந்தது. அவள் என் முந்தானையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தே நகர்ந்தேன்.

வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். வாய்விட்டுத்தான். சொன்ன பேச்சைக் கேட்காத மனுசன், பிடிவாதக்கார மனுசன், என்னை இந்த மலையில் அனாதையாக விட்டுவிட்டுப் போகப் பார்க்கிற மனுசன். திட்டுவதை நிறுத்தினால் அழுகை வந்துவிடும், அழுதால் கால் வைக்கிற இடம் தெரியாது. சாமியையும் விடவில்லை. உன்னைப் பார்க்க வந்ததுக்கு இதுதானா கூலி என்று கேட்டேன்.

சமையல் வண்டி அந்தப் பக்கம் சாலையோரம் நின்றிருந்தது. என்னைக் கண்டதும் சமையல்காரர் ஓடிவந்தார். "அக்கா, அண்ணன் மருந்து பத்தரமா இருக்குதுங்க. கெட்டுப்போயிரக் கூடாதுன்னு ராத்திரி பூராப் பெட்டியத் தொறந்து வெளிய பனியில வெச்சிருந்தேனுங்க" என்றார். பெட்டிக்குள் கையை விட்டேன். இரண்டு பாட்டிலும் உள்ளே வெள்ளையாக இறுகிக் கிடந்தன. மருந்து உறைந்துபோனால் தூக்கி எறிய வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சமையல்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்புப் பண்ணிட்டனுங்களா அக்கா?" என்று கேட்டார். உறைந்த பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த வழியே ஏறினேன்.

திரும்பி நடந்தபோது நான் திட்டவில்லை. உதவாத பாட்டிலோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? அந்த வாசத்தோடு அவர் மூச்சு அடங்குவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வழியின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரப் பெண் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, என் மணிக்கட்டைப் பிடித்து வழியைவிட்டு மேலே இழுத்துக்கொண்டு போனாள். கற்பலகைக் கூரை போட்ட வீடு ஒன்று இருந்தது. முற்றத்து வெயிலில், அறுபது வயதிருக்கும், ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவள் பேசினாள். அவர் கோட்டுப் பொத்தானை அவிழ்த்தார், உள்ளே ஸ்வெட்டரைத் தூக்கினார், அதற்கும் உள்ளே நெஞ்சோடு ஒட்டித் தைத்திருந்த துணிப்பையிலிருந்து இரண்டு சின்ன பாட்டில்களை எடுத்தார். இன்சுலின். ஒன்று சீல் உடைக்காதது. இன்னொன்றில் ஒரு விரற்கடைதான் மிச்சம்.

புதியதை என் உள்ளங்கையில் வைத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. சூடு பட்ட மருந்து என்றால் எங்களுக்கு விஷம் மாதிரி. "கெட்டுப்போச்சுங்க இது, சூடாயிருக்குது" என்று தமிழிலேயே கதறினேன். அவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனால் முகம் புரிந்திருக்கும். பழைய பாட்டிலிலிருந்து ஊசியில் ஏற்றி, சட்டையைத் தூக்கி, என் கண் முன்னாலேயே தன் வயிற்றில் குத்திக்கொண்டார். பிறகு பனிச்சிகரத்தைக் காட்டி உடம்பைச் சிலிர்த்துக்காட்டினார், நெஞ்சைத் தட்டிக்காட்டினார். அங்கே வெயிலுக்குப் பயமில்லை, குளிருக்குத்தான் பயம்.

எங்கள் ஊரில் ஒரு டம்ளர் மோர் கொடுத்தால்கூட, "வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்று இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் வாங்குவோம். மூன்றாம் தடவை நீட்டினால்தான் அது கொடுப்பது. அந்த மனிதரிடம் நான் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலை மூடிக் கிடக்கிறது, அவர் கையில் மிச்சம் ஒரு விரற்கடை. எல்லாம் தெரிந்தேதான் பாட்டிலை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். கும்பிட்டேனா என்பது நினைவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அரை நினைவுதான் இருந்தது. எனக்கு ஊசி போட்டுப் பழக்கமில்லை. டீக்கடைக்காரப் பெண் டார்ச் பிடிக்க, குத்தினேன். டாக்டர் சொல்லியிருந்தபடி தண்ணீரை உப்புப் போட்டு ஸ்பூன் ஸ்பூனாக விட்டேன். மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது.

காலையில் கண் திறந்தார். அடுத்த ஊசிக்கு மருந்து ஏற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். அது தம்முடையது இல்லை என்று லேபிளிலேயே தெரிந்துவிட்டது.

"யாரு குடுத்தது?"

"மேல ஒரு ஊட்டுல, ஒரு பெரியவருங்க. அவருக்கும் சர்க்கரைதானாம்."

சட்டையைத் தூக்கப் போன கை நின்றது. ஊசி இல்லாத ஒரு நாள் எப்படியிருக்கும் என்பது எங்கள் இருவரில் அவருக்குத்தான் தெரியும்.

"அவருக்கு வெச்சிருக்காரா?" என்றார்.

"நெறைய வெச்சிருக்காருங்க" என்றேன்.

அப்புறம்தான் சட்டையைத் தூக்கினார்.