பழைய பியட்டின் பின்கதவுகள்

போன மாசம் வாங்கின பழைய பியட் காரை, இன்னைக்குக் காலையில அரியாங்குப்பம் சீட் கவர் கடைக்கு எடுத்துட்டுப் போனேன்.

கதவுக்கு உள்பக்கம் இருக்கிற சிவப்பு ரெக்ஸின் பேட் எல்லாம் ஒரிஜினல். கிழிஞ்ச இடத்தை மட்டும் தைச்சு ஒட்டினா போதும்னு நான் சொன்னேன். கடைக்காரர் அந்தோணி அண்ணன் ஒத்துக்கல.

"அதே மாதிரி புதுசு வருது தம்பி, மாத்திடலாம்."

"கழட்டிப் பாத்துட்டு சொல்லுங்க."

பின்கதவு பேட் ரெண்டையும் கழட்டினவர் என்னைக் கிட்ட கூப்ட்டுக் காட்டினார்.

"உள்ள இருந்து திறக்குற கைப்பிடிய அறுத்து எடுத்திருக்காங்க. அது தெரியாத மாதிரி மேல ரெக்ஸின் ஒட்டியிருக்காங்க. ரெண்டு கதவுலயும்."

அந்த இடத்துல ரெக்ஸின் மேல இருந்த கீறல்களை, வெயில்ல வெடிச்சதுன்னு நெனச்சிருந்தேன். கிட்டப் பாத்தா நகத்தால பிராண்டின மாதிரி இருந்துச்சு.

கருவடிக்குப்பத்துல எனக்கு வண்டிய வித்தவருக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படல.

"வண்டி இப்ப எங்க நிக்குது?"

கடை பேரைச் சொல்லாம கட் பண்ணிட்டேன். அதுக்கப்புறம் அவரே நாலஞ்சு தடவை கூப்ட்டுட்டார். நான் எடுக்கல.

ஒரிஜினலைத் தூக்கிப் போடாதேன்னு என் போன பதிவுக்குக் கமெண்ட்ல அறிவுரை சொன்ன நண்பர்களே, போடல, பத்திரமா வெச்சிருக்கேன். போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணைக்கு யார் வர்றீங்க?