சித்தியின் ஸ்பானிஷ்

இங்கிலாந்துக்கு வந்து ஸ்பானிஷ் படித்தவர் எங்கள் குடும்பத்தில் சித்தி ஒருவர்தான். சித்தப்பா இறந்தபிறகு அம்மா தன் தங்கையை மோர்டனில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். வேலைக்குப் போனால் ஆங்கிலம் தானாக வரும் என்று அப்பா, அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் ஷிப்ட் ஒன்றில் சித்தியைச் சேர்த்துவிட்டார். அங்கே கூட்டியவர்கள், துடைத்தவர்கள், அவர்களை மேய்த்த சூப்பர்வைசர் எல்லோருமே கொலம்பியா, எக்குவடோர் பக்கத்து ஆட்கள். கொஞ்சக் காலத்தில் சித்திக்கு ஸ்பானிஷ் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. ஆங்கிலம் மன்னிப்புக் கேட்கும் 'சொறி'யைத் தாண்டவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே டாக்டரிடமும் கவுன்சிலிலும் சித்தியின் வாய் நான்தான். ஒன்பது வயதில் எனக்கு அதில் கொஞ்சநஞ்ச மிதப்பல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்யும் கொலம்பியாத் தோழி தன் பெண்குழந்தைக்குக் காது குத்துகிறார் என்று சித்தி புறப்பட்டார்.

"சித்திக்கு இங்கிலீஷ் ஏலாது, நீயும் கூடப் போ" என்றார் அம்மா.

எலிஃபன்ட் அண்ட் காசிலில் ரயிலை விட்டு இறங்கியதுமே என் உத்தியோகம் போய்விட்டது. இறைச்சிக்கடை, முடி வெட்டும் கடை, பஸ் தரிப்பிடம், எங்கும் ஸ்பானிஷ். சித்தி வழி கேட்டார், மரவள்ளிக்கிழங்குக்கு விலை பேசினார், கடைக்காரரைப் பகிடி பண்ணி உரக்கச் சிரித்தார். வீட்டில் அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

தோழியின் பிளாட்டில் பிள்ளைகள் வெளியே ஆங்கிலத்தில் கத்தி விளையாடினார்கள். அறைக்குள் பெரியவர்கள். காது குத்தும் பெண் ஊசியோடு தயாராக இருந்தார். தோழி குழந்தையைத் தூக்கிவந்து, மடியில் வைத்துப் பிடிக்கும்படி நேரே சித்தியிடம் நீட்டினார். சித்தியின் கைகள் பாதி நீண்டு நின்றுவிட்டன.

எனக்குக் காரணம் தெரியும். மச்சாள் பெரியபிள்ளையானதற்கு நடந்த சாமத்தியவீட்டில் ஆலாத்தி எடுக்க எல்லாப் பெண்களையும் கூப்பிட்டபோது, சித்தி மட்டும் மண்டபத்தின் பின்பக்கம் பலகாரத் தட்டுகளோடு நின்றார். ஏன் என்று கேட்டேன். "புருசன் இல்லாத ஆக்கள் நல்ல காரியத்தில முன்னுக்கு வரக்கூடாது" என்றார் மாமி. சிவப்பு விளக்குக்கு நிற்பதுபோல இதுவும் ஒரு சட்டம் என்று எடுத்துக்கொண்டேன். பாவம், இந்தச் சனங்களுக்கு அது தெரியவில்லை. அங்கே ஒருவருக்கும் சித்தப்பாவின் கதையே தெரியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

சித்திக்காகப் பேசுவது என் வேலை. என் அழகான ஆங்கிலத்தில் தோழியிடம் விளக்கினேன்: சித்தி பிடிக்கக்கூடாது, சித்தப்பா செத்துப்போனார், குழந்தைக்குக் கெடுதல் வரும். 'சித்தப்பா'வுக்கு மட்டும் எனக்கு ஆங்கிலம் தெரியாது, அப்படியே சொன்னேன்.

தோழியின் ஆங்கிலமும் சித்தியின் ஆங்கிலம் மாதிரித்தான். என்னை விழித்துப் பார்த்துவிட்டுச் சித்தியிடம் ஏதோ கேட்டார். சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பானிஷில் ஒரு வசனம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் குசினிக்குள் ஓடினார். சித்தி இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் இருத்தினார்.

குழந்தை வீரிட்டு அழுதது, அவ்வளவுதான், முடிந்தது. பொரித்த வாழைப்பழமும் சோறும் குவிந்த தட்டொன்று எனக்கு முன்னால் வந்தது.

"என்ன சொன்னனீங்கள்?" என்று சித்தியைக் கேட்டேன்.

"பிள்ளைக்குப் பசிக்குதாம் எண்டு சொன்னனான். சாப்பிடு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதே ஆத்திரத்தோடு முழுவதையும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நேரே அம்மாவிடம் போய், நான் சொன்னது என்ன, சித்தி சொன்னது என்ன என்று ஒன்றுவிடாமல் முறையிட்டேன். சித்தியின் ஸ்பானிஷ் முழுப் பிழை என்றேன்.

அம்மா கோப்பை கழுவுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் சித்தியின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிட்டனீதானே?"

"ஓம்."

"அப்ப சித்தி சரியாத்தான் சொல்லியிருக்கிறா."

அம்மாவுக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது. தெரியாத விஷயத்தில் ஏன் தலையிடுகிறார் என்று நினைத்தபடி படுக்கப் போனேன்.